ஐந்து வயர்களும் கடைசி எபிசோடும்

இந்த அத்தியாயத்தில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. என் சொந்தத் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்கிறேன். அடுத்தவர் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்கிறவர்களை நம்பாதீர்கள், அவர்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. எனக்கு இருப்பது ஒரே தலை. அதில் முடியும் கிடையாது. வைத்த கை நேராக விஷயத்தின் மேலேயே படுகிறது.

சென்ற வாரம் விட்ட இடம் நினைவிருக்கும். நகரப் பேருந்து ஓட்டும் என் தங்கை, டிப்போவில் புறப்படத் தயாராக நின்ற வண்டியின் ஸ்டியரிங் மேல் மயங்கிச் சரிந்தாள். நெற்றி ஹாரனில் பதிந்தது. ஹாரன் நாலு நிமிஷம் விடாமல் அடித்தது. வேலைநிறுத்தம் தொடங்கிவிட்டது என்று நினைத்து மற்ற டிரைவர்கள் பதினொரு பேர் வண்டியை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். அதில் இரண்டு பேர் இன்னும் திரும்பவில்லை.

மயங்கும்போது அவள் முந்தின நாள் எபிசோடைப் பயணிகளுக்கு நடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். ‘இரண்டாம் சாவி’ என்று ஒரு சீரியல். ஒரு நீதிபதியம்மா, தொலைந்துபோன அவள் மகள், எல்லாவற்றையும் கெடுக்கிற கறுப்புக் கண்ணாடி வக்கீல். ஆறு வருஷமாக ஓடுகிறது.

என் தங்கை அதைப் பார்க்கிற அழகே வேறு. மற்றவர்கள் டிவி பார்ப்பார்கள். இவள் டிவியோடு மல்லுக்கு நிற்பாள். “திரும்பாதே, பின்னாலயே நிக்கிறான்!” என்பாள். “அதுல கையெழுத்துப் போடாதடி, நாசமாப் போயிடுவே!” என்பாள். நல்லது நடந்தால் சோபாமேல் ஏறி நின்று கை தட்டுவாள். பக்கத்து வீட்டில் அதே சேனலைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டு, சுவர் வழியாக இவள் குரலைத்தான் கேட்கிறார்கள். அப்போதுதான் கதை தெளிவாகப் புரிகிறதாம். ஒருமுறை இவளைச் சினிமாவுக்குக் கூட்டிப் போனேன். கதவுக்குப் பின்னால் ஆள் ஒளிந்திருக்கிறான் என்று கதாநாயகனை எச்சரித்து இவள் போட்ட சத்தத்தில், வில்லன் தானாகவே வெளியே வந்து கையைத் தூக்கிவிட்டான். படம் நாற்பது நிமிஷம் முன்னதாகவே முடிந்தது. தியேட்டர்காரர்கள் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டார்கள்.

காலை ஐந்தே முக்கால் வண்டியில் ஏறுகிறவர்களுக்கு இதெல்லாம் சிரிக்கிற விஷயமில்லை. ஆஸ்பத்திரித் துணி துவைக்கும் பெண்கள், ரொட்டி பேக்டரி ஆட்கள், ஒரு காவலாளி. சாயங்காலம் வேலைக்குப் போய் விடியலில் வீடு திரும்புகிறவர்கள். ஆறு வருஷத்தில் ‘இரண்டாம் சாவி’யின் ஒரு காட்சியைக்கூட அவர்கள் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் முழுக்கதையும் அத்துப்படி. ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் என் தங்கை ஒரு காட்சி சொல்வாள். பதினாறு சிக்னல், பதினாறு காட்சி. பச்சை விழுந்துவிட்டதே என்று சிக்னலைத் திட்டுகிற பயணிகளை நான் அந்த வண்டியில்தான் பார்த்திருக்கிறேன்.

மயங்கி விழுந்தவளைப் போக்குவரத்து அலுவலக டாக்டர் சோதித்தார். நெஞ்சில் மெஷின் மாட்டி ஒரு நாள் முழுக்கப் பதிவு எடுக்கச் சொன்னார். பதிவு நன்றாக இருந்தால் திங்கட்கிழமை வண்டி. இல்லையென்றால் டிப்போ ஸ்டோர்ஸ். ஸ்டோர்ஸில் ஒரு ஸ்டூல் இருக்கிறது. எதிரே டயர்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஆஸ்பத்திரியில் மாட்டினார்கள். சனிக்கிழமை காலை பத்துக்குக் கழற்ற வேண்டும். ‘இரண்டாம் சாவி’யின் கடைசி எபிசோட் வெள்ளிக்கிழமை மாலை நாலு மணியிலிருந்து ஆறு மணிவரை.

*

ஐந்து பட்டைகளை அவள் நெஞ்சில் ஒட்டி, ஐந்து வயர்களை அவற்றில் சொருகி, சோப்பு டப்பா அளவு மெஷினை இடுப்பில் கட்டிவிட்டார் ஈசிஜி அறைக்காரர்.

“வழக்கம்போல இருங்கம்மா. தினம் என்ன செய்வீங்களோ அதையே செய்யுங்க. குளிக்க மட்டும் கூடாது.”

“தினம் செய்யறதையேவா?” என்றாள் தங்கை.

“ஆமா.”

“டிவி?”

“தாராளமா பாருங்க.”

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். டிவி பார்க்க அனுமதி கிடைத்து ஒரு மனுஷி இவ்வளவு பயந்ததை நான் கண்டதில்லை.

கையில் ஒரு சின்ன நோட்டும் கொடுத்தார். மூன்று கட்டம் போட்ட நோட்டு: நேரம், செய்த காரியம், உடம்பில் தெரிந்தது. வியர்வையில் பட்டை உரிந்தால் ஒட்டிக்கொள்ள உபரியாக ஐந்து பட்டைகளும் தந்தார். அந்த உபரிப் பட்டைகளைத் தராமல் இருந்திருந்தால் இந்த அத்தியாயம் இத்தோடு முடிந்திருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் தங்கை மகள் சட்டம் போட்டாள். அவள் கண்ணாடிக் கடையில் பவர் பார்க்கிறவள். எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது. அதனால் வீட்டில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பேர்.

“அம்மா, இன்னிக்கு அந்த சீரியல் கிடையாது. பதிவு பண்ணி வைக்கிறேன். நாளைக்கு மெஷினைக் கழட்டினதும் பாரு.”

“நாளைக்குப் பார்த்தா அது நடந்து முடிஞ்சு போயிருக்கும்டி.”

“இன்னிக்குப் பார்த்தாலும் அவங்க எடுத்து முடிச்சதுதாம்மா.”

“உனக்குப் புரியாது. நான் பார்க்கறப்பதான் அது நடக்குது.”

பூதக்கண்ணாடி ரிமோட்டைக் கைப்பையில் போட்டுக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டாள். டிவியின் முதுகில் பொத்தான்கள் இருப்பதை மட்டும் அவள் பார்க்கவில்லை. தடுக்க வேறு ஆளும் இல்லை. அவளுடைய அப்பா, என் மச்சான், கப்பலில் சமையல்காரர். சீரியல் ஆரம்பித்த வாரம் கப்பலேறியவர். கடலில் அமைதியாக இருக்கிறது என்று எழுதுகிறார்.

*

மூன்றரை மணிக்குத் தங்கை என் மாடி அறைக்கு வந்தாள். பதினாலு படி ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது. கட்டில் முனையில் உட்கார்ந்தாள்.

“அண்ணா, ரெண்டு மணி நேரம். நீ மாட்டிக்கோ.”

“எதை?”

“இதை.” சட்டையின் மேலேயே மெஷினைத் தட்டிக் காட்டினாள். “அந்த அஞ்சு பட்டை சும்மாதானே கிடக்கு? நீ வயர்க்காரன். மாத்தத் தெரியாதா உனக்கு?”

மாற்றத் தெரியும். அதுதான் வினை. நாற்பத்தொரு வருஷம் லிப்ட் பழுது பார்த்தவன் நான். லிப்ட் கதவில் ஒரு பாதுகாப்பு சுவிட்ச் உண்டு. கதவு சரியாக மூடினால்தான் லிப்ட் நகரும். சில பேர் அவசரத்துக்கு அந்த சுவிட்சைத் தாண்டி ஒரு துண்டு வயரைப் போட்டுவிடுவார்கள். ஜம்பர் என்போம். அதற்கப்புறம் கதவு ஆவென்று திறந்து கிடந்தாலும், மூடியிருக்கிறது என்று லிப்ட் நம்பும். என்னோடு வேலை பார்த்த ஒருவன் அப்படிப் போட்ட வயரை எடுக்க மறந்துவிட்டான். அன்றிலிருந்து, ஜம்பர் போட்டவன் என் அப்பாவாக இருந்தாலும் வேலையை விட்டு அனுப்பிவிடுவேன் என்று சொல்லி வந்தவன் நான்.

“இது ஜம்பர்,” என்றேன்.

“ஆரம்பிச்சிட்டியா? நான் என்ன லிப்டா?”

“லிப்ட் விழுந்தா புதுசு வாங்கலாம்.”

“அண்ணா, என் நெஞ்சு கல்லு மாதிரி இருக்கு. சீரியல் பார்க்கறப்ப மட்டும் கொஞ்சம் துள்ளும். அது வியாதியா? ரோட்டுல நான் என்ன சீரியல் பார்த்துக்கிட்டா ஓட்டறேன்?”

“சொல்லிக்கிட்டு ஓட்டறே.”

“சிவப்புலதான் சொல்றேன்!”

“பச்சையிலயும் சொல்லி ரெண்டு ஸ்டாப்பை விட்டுட்டு வந்தியே, போன மாசம்?”

“அன்னிக்குக் கோர்ட் சீன். ஒருத்தர்கூட இறங்கணும்னு கேக்கலை.” சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. கையைப் பிசைந்தாள். “திங்கக்கிழமை அவங்க ஏறுவாங்கண்ணா. ஆறு வருஷமா கேட்டவங்க. கடைசி எபிசோடை நான் பார்க்கலைன்னா அவங்களுக்கு முடிவே கிடையாது. பார்த்து, அந்த மெஷின் என்னைக் காட்டிக் கொடுத்துடுச்சுன்னா, நான் வண்டியிலயே இருக்க மாட்டேன். ஸ்டூல்ல உட்கார்ந்து டயருக்கா கதை சொல்வேன்? நீயே சொல்லு, நான் என்ன பண்ணட்டும்?”

ஐம்பத்தேழு வயதுக்காரி. முப்பது வருஷமாக நகரத்தின் பாதியை ஏற்றி இறக்கியவள். என் கட்டில் முனையில் உட்கார்ந்து, நான் தரப்போகிற பதிலுக்காகத் தன் கட்டைவிரல் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

“ஆறு மணி அடிச்சதும் கழட்டிடுவேன்,” என்றேன்.

ஷேவிங் செட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். என் நெஞ்சில் முடி அதிகம். தலையில் இருக்க வேண்டியது வழி தவறிக் கீழே இறங்கிவிட்டது. ஐந்து இடத்தில் சதுரமாக மழித்து, பட்டைகளை ஒட்டினேன். வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, பழுப்பு. வயர்களை அவளிடமிருந்து எனக்கு மாற்ற மூன்றரை நிமிஷம். நாற்பத்தொரு வருஷத்தில் நான் தவறாகக் கோத்த வயர் ஒன்றுகூட இல்லை. ஒரே ஒரு லிப்ட் மட்டும், மேலே போ என்றால் பக்கவாட்டில் போனது. அதற்கும் கட்டிடம்தான் காரணம்.

“செத்தவன் மாதிரி படு,” என்று சொல்லிவிட்டு, நோட்டையும் எடுத்துக்கொண்டு கீழே ஓடினாள்.

“ஓடாதே!” என்று கத்தினேன். உடனே என் நெஞ்சு துள்ளியது. வாயை மூடிக்கொண்டு படுத்தேன்.

*

நாலு மணி. கூரையைப் பார்த்தபடி கிடந்தேன். நெஞ்சு அமைதியாக இருப்பதற்காக லிப்ட் மோட்டாருக்கு எண்ணெய் மாற்றும் முறையை மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். உலகத்தில் அதைவிடச் சப்பென்ற விஷயம் இல்லை.

தரை வழியாகக் குரல் வந்தது.

“வந்துட்டா! வந்துட்டா! கோட்டு போடாம வந்திருக்கா!”

நீதிபதியம்மா வேலையை விட்டுவிட்டுக் கோர்ட்டுக்கு வந்திருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நான் அந்த சீரியலை ஒருநாளும் பார்த்ததில்லை. பார்க்க வேண்டிய அவசியமே வரவில்லை.

“கேளுடி! அவனைக் கேளு! அந்தக் கண்ணாடியைக் கழட்டச் சொல்லு!”

இரண்டு பலத்த அறை. தன் தொடையில்தான். வக்கீல் மாட்டிக்கொண்டான். எண்ணெயை முழுக்க வடித்துவிட்டு அடைப்பானைத் துடைக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

“ஒழிஞ்சான்! ஒழிஞ்சான்டா! போலீஸே, இந்தப் பக்கம் ஓடறான் பாரு, இந்தப் பக்கம்!”

சோபா கிறீச்சிட்டது. ஏறி நின்றுவிட்டாள். சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டிலும் கை தட்டினார்கள். நானும் தட்டியிருப்பேன், இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கியிருந்தேன். ஐந்து மணிவாக்கில், “அந்தப் பெட்டியைத் திறக்காதே, நான் சொல்றேன், திறக்காதே!” என்று கெஞ்சினாள். திறந்துவிட்டார்கள் போலிருக்கிறது. அழுதாள். அவள் சந்தோஷமாக அழுதால் மூக்கை உறிஞ்சுவது முதலில் வரும், துக்கமாக அழுதால் கடைசியில் வரும். இது எதிலும் சேராமல் இழுத்துக்கொண்டே போனது.

ஐந்தரை மணி இருக்கும்.

“சொல்லுடி. அவகிட்டச் சொல்லு. நான்தான் உன்…”

அதோடு நின்றது.

காத்திருந்தேன். கீழே டிவியில் இசை பெரிதாக எழுந்து அடங்கியது. அவள் குரல் வரவில்லை. விளம்பரத்திலும் சும்மா இருக்கிறவள் இல்லை அவள், பற்பசைக்குக்கூட பதில் சொல்லுவாள். சுவரைத் தட்டும் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டுக்காரரின் குரல்.

“டிரைவரம்மா? அப்புறம் என்ன ஆச்சு?”

மறுபடி சுவரைத் தட்டினார்.

“டிரைவரம்மா? மகள் யாரு?”

எழுந்தேன். மெஷினைக் கையில் பிடித்துக்கொண்டு படிக்கு வந்தேன். ஓடியிருக்க வேண்டும். ஓடினால் என் நெஞ்சு அடிக்கும், அடித்தால் மெஷினில் ஏறும், ஏறினால் அவள் ஸ்டூலில் உட்காருவாள். ஒரு படிக்கு ஒரு மூச்சு என்று வைத்து இறங்கினேன். பதினாலு படி, பதினாலு மூச்சு. என் தங்கையை நோக்கி ஒரு விருந்தாளியைப் போல நிதானமாக இறங்கி வந்தேன். இந்த ஒன்றை மட்டும் நான் சத்தியம் செய்யாவிட்டாலும் நீங்கள் நம்பலாம்.

அவள் சோபாவுக்குக் கீழே தரையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இடது கை மடியில் கிடந்தது. வலது கையில் பேனா. நெற்றியெல்லாம் வியர்வை.

“என்னடி?”

“விளம்பரம்,” என்றாள்.

திரையில் நீதிபதியம்மா ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு கதறிக்கொண்டிருந்தாள்.

“வேர்த்துக் கொட்டுதே?”

“ஃபேன் ஓடலை.”

எங்கள் தலைக்கு மேல் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

“மேல போண்ணா. படு. இவ்வளவு தூரம் வந்து கெடுத்துடாதே. உன் கால்ல விழறேன்.”

நான் மேலே போனேன்.

*

ஆறு மணிக்கு வயர்களை மறுபடி அவளுக்கு மாற்றினேன். இந்த முறை ஆறு நிமிஷம் ஆனது.

“முடிவு எப்படி?” என்று கேட்டேன்.

“நல்லா இருந்தது.”

“மகள் யாரு?”

“நல்லா இருந்ததுண்ணா.”

ஆறு வருஷத்தில் ஆயிரத்து முந்நூறு எபிசோடுக்கு மேல். ஒவ்வொன்றையும் குறைந்தது அரை மணி நேரம் எனக்குச் சொன்னவள். நான் குளிக்கும்போது கதவுக்கு வெளியே நின்றுகூடச் சொல்லியிருக்கிறாள். அன்றைக்கு இரண்டே சொல். அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியும். தெரியாதவன்போல இருந்துகொண்டேன். பூதக்கண்ணாடி வேலையிலிருந்து வருவதற்குள் அவள் படுத்துவிட்டாள்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு, ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிற நேரத்தில், பூதக்கண்ணாடி அந்த நோட்டைத் திறந்தாள்.

தங்கை எழுதாமல் விட்டிருக்கலாம். நாலிலிருந்து ஆறு வரை படுத்திருந்தேன் என்று ஒரு வரி போட்டிருக்கலாம். ஆனால் அவள் பஸ் டிரைவர். அன்றைக்கு வண்டியில் தெரிந்த கோளாறை லாக் புத்தகத்தில் குறிக்காமல் முப்பது வருஷத்தில் ஒருநாளும் அவள் சீட்டை விட்டு இறங்கியதில்லை. மெஷினை ஏமாற்றலாம் என்று தோன்றியவளுக்கு நோட்டை ஏமாற்றலாம் என்று தோன்றவே இல்லை.

பூதக்கண்ணாடி சத்தமாகப் படித்தாள்.

“4.05. சீரியல். நீதிபதி கோட்டு இல்லாம வர்றா!! உடம்பில் தெரிந்தது: புல்லரிப்பு.”

“4.31. கண்ணாடிக்காரன் மாட்டினான், ஒழிஞ்சான்! உடம்பில் தெரிந்தது: வயிறு நிறைஞ்ச மாதிரி.”

“4.58. பெட்டியைத் திறந்துட்டாங்க, தலைப்பாடா அடிச்சுக்கிட்டேனே! உடம்பில் தெரிந்தது: தொண்டை அடைப்பு.”

அப்புறம் குரல் இறங்கிவிட்டது.

“5.33. மகள் யாருன்னு சொல்லப்போறா. இடது கை மரத்துப்போச்சு. தாடை வரைக்கும் வலி. மூச்சு…”

அந்த இடத்திலிருந்து பேனாக் கோடு ஒன்று பக்கத்தின் அடிவரை இழுத்துக்கொண்டு போயிருந்தது. அதன் கீழே, கோணல் எழுத்தில், கடைசி வரி.

“5.52. சரியாயிடுச்சு. அண்ணன்கிட்ட சொல்லலை. கண்ணு இருட்டினதுல முடிவு பார்க்கலை.”

நோட்டை மூடினாள். அம்மாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

“அண்ணன்கிட்ட சொல்லலைன்னா என்ன மாமா அர்த்தம்? அண்ணன் எங்க இருந்தார்? அஞ்சரை மணிக்கு மெஷின் யார் மேல இருந்தது?”

கண்ணாடிக் கடையில் சின்ன எழுத்தைப் படிக்கச் சொல்வார்களே, அதே மாதிரி நிதானமாகக் கேட்டாள்.

“என் மேல,” என்றேன்.

“அப்போ அம்மாவுக்கு வந்தது மெஷினுக்குத் தெரியாது.”

“தெரியாது.”

“அந்தப் பக்கத்தைக் கிழிச்சிடு,” என்றாள் தங்கை. சாப்பாட்டு மேஜையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றாள். “மெஷின்ல அண்ணன் நெஞ்சுதானே இருக்கு? எருமை நெஞ்சு. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துடுவாங்க.”

“கொடுத்துடுவாங்கம்மா. திங்கக்கிழமை அம்பது பேரை ஏத்திக்கிட்டு மேம்பாலத்துல போவே. அங்க உன் இடது கை மரத்துப்போகும்.”

“மறுபடி வராது.”

“யார் சொன்னது?”

“நான் சொல்றேன்.”

“நீ என்ன டாக்டரா?”

“நீ மட்டும் டாக்டரா? கண்ணாடி பவர் பார்க்கறவ!”

“பவர் பார்க்கறவதாம்மா. ஆனா இருட்டிடுச்சுன்னு நீயே எழுதியிருக்கறதைப் படிக்க எனக்குக் கண்ணு இருக்கு!”

தங்கை மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள். “பயமா இருந்ததுடி,” என்றாள். “கூப்பிடலாம்னுதான் நெனச்சேன். வாய் வரலை.”

பூதக்கண்ணாடி நோட்டைத் தன் கைப்பையில், ரிமோட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டினாள்.

*

ஆஸ்பத்திரிக்குப் பேருந்தில் போனோம். என் தங்கைக்குப் பயணியாக உட்காரத் தெரியாது. வழி நெடுக வலது காலால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு சிவப்பிலும் அவள் வாய் திறந்து மூடியது. சொல்ல ஒன்றும் இல்லை.

ஈசிஜி அறைக்காரர் மெஷினைக் கழற்றி வாங்கிக்கொண்டு உள்ளே போனார். நோட்டைப் பூதக்கண்ணாடி தரவில்லை. “டாக்டர் கையிலதான் தருவேன்,” என்றாள். நடைபாதை நாற்காலிகளில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். உள்ளே போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்வது என்று நான் முடிவு செய்துவிட்டேன். முதல் வாக்கியத்தைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

அழுக்குத் துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். தங்கையைப் பார்த்ததும் வண்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தாள். ஐந்தே முக்கால் வண்டிக்காரி.

“அக்கா! ரெண்டு வாரமா உங்க வண்டியில யாரோ ஒரு ஊமை ஓட்டறான்க்கா! கடைசில என்ன ஆச்சு? பொண்ணு கிடைச்சுதா? தூக்கமே வரலை எங்களுக்கு!”

தங்கை அவளைப் பார்த்தாள். தங்கை முகத்தில் அப்போது இருந்ததை நான் எழுதப்போவதில்லை.

“திங்கக்கிழமை சொல்றேன்,” என்றாள்.

“திங்கக்கிழமை வரைக்குமா? கடைசி அரை மணி நேரத்தைப் பதினோரு மணிக்கு மறுபடி போடறாங்களாம்க்கா, நாலாவது மாடி டிவியில. எனக்கு எங்க முடியுது, பகல் ஆளு வரலை, துணி குவிஞ்சு கிடக்கு. நீங்க சொன்னாத்தான் எனக்குக் கதை.” வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

நடைபாதைக் கடிகாரத்தில் பதினொன்றடிக்க ஐந்து நிமிஷம். தங்கை தண்ணீர் வேண்டும் என்றாள். பூதக்கண்ணாடி எடுக்கப் போனாள். நான் என் முதல் வாக்கியத்தைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அறைக் கதவு வேகமாகத் திறந்தது. நேற்று சிரித்த முகமாக இருந்த ஈசிஜி அறைக்காரர் இன்று அப்படி இல்லை.

“எங்க அவங்க? உடனே சேர்க்கணும். நேத்து சாயங்காலம் அஞ்சு முப்பத்து மூணுக்கு இந்த நெஞ்சுல பெரிசா ஒண்ணு நடந்திருக்கு. அவங்க எப்படி நடந்து வந்தாங்கன்னே தெரியலை. சக்கர நாற்காலி கொண்டு வரச் சொல்லியிருக்கேன். எங்க?”

திரும்பிப் பார்த்தேன். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது.

பூதக்கண்ணாடி தண்ணீரோடு வந்தாள். காலி நாற்காலியைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். டம்ளர் கீழே விழுந்தது. அதே நேரம், மாடிப்படி வழியாக, மூன்று தளத்துக்கு மேலிருந்து, ஒரு குரல் இறங்கி வந்தது.

“சொல்லுடி! அவகிட்டச் சொல்லு!”

“அம்மா!” பூதக்கண்ணாடி படிகளில் பாய்ந்தாள். சக்கர நாற்காலிக்காரர் பின்னாலேயே லிப்டுக்கு ஓடினார். எனக்கும் கால் எழுந்தது. ஆனால் ஈசிஜி அறைக்காரரின் கையைப் பிடித்து நிறுத்திக்கொண்டேன். அவருக்கு உண்மை தெரிந்தாக வேண்டும். தவறான நெஞ்சுக்கு வைத்தியம் பார்த்துவிடக் கூடாது.

“ஐயா, அஞ்சு முப்பத்து மூணுக்கு மெஷின் அவ மேல இல்லை. என் மேல இருந்தது. நான்தான் மாத்தினேன். நாலுலேர்ந்து ஆறு வரைக்கும் பதிவானது என் நெஞ்சு. அவளுக்கும் அதே நேரத்துல வலி வந்திருக்கு, நோட்டுல எழுதியிருக்கா. ரெண்டு பேரையும் பார்க்கணும். அவளை முதல்ல.”

சட்டைப் பொத்தானைக் கழற்றத் தொடங்கினேன். அவர் என் நெஞ்சைப் பார்க்கவில்லை. அறைக்குள் திரும்பி, திரையில் துடிப்புக் கோட்டை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்தார். பிறகு இன்னொரு முறை, மெதுவாக.

“பொத்தானைப் போடுங்க பெரியவரே,” என்றார்.

வயரைக் கழற்றினால் அந்த இடத்தில் கோடு அறுந்து தெரியுமாம், இதில் முழுக்க அவள் நெஞ்சு ஒன்றுதான் இருக்கிறதாம். வெள்ளிக்கிழமை காலை பத்து மணியிலிருந்து சனிக்கிழமை காலை பத்து மணிவரை அந்தக் கோடு ஓரிடத்திலும் அறுபடவில்லை.